பெட்ரோல் போடுவது போல் பள்ளி மாற்றலாமா?

கேள்வி: நான் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். ரெட்டிச்சாவடி பக்கம் குடியிருக்கிறோம். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, தமிழ்வழி. ஜூனில் ஆறாம் வகுப்பை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் தினமும் தகராறு. மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது, அரசுப் பள்ளி இனி தேறாது என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் சொல்கிறார். இருமொழிக் கொள்கையால்தான் நம் பிள்ளைகள் பின்தங்கிப்போனார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். புதுச்சேரிப் பகுதியில் கிருமாம்பாக்கத்தில் இருக்கும் என் மைத்துனர், "எங்கள் ஊர் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ ஆகிவிட்டன, செலவே இல்லை, என் முகவரியில் சேர்த்துவிடலாம்" என்கிறார். மனைவிக்குத் தனியார் சிபிஎஸ்இ பள்ளிமேல் கண். ஆண்டுக்கு 52,000 ரூபாய், வேன் கட்டணம் தனி. தன் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறாள். மகளுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: வணக்கம் தம்பி. 34 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் அப்படி அழைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தொலைக்காட்சிக்காரர்கள் பேசுகிறார்கள், மைத்துனர் பேசுகிறார், மனைவி பேசுகிறார். படிக்கப்போகிற பெண்ணுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் டாக்டர் ஆசை. பத்து வயதில் டாக்டர், பன்னிரண்டில் கலெக்டர், அது இருக்கட்டும். அவள் தமிழை எப்படி வாசிக்கிறாள், கணக்கில் எங்கே நிற்கிறாள், இப்போதைய பள்ளி அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அந்த விவாதம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று தெரிகிறது. ஆகவே பணத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கு போட்டு நடத்தும் திட்டம் சமக்ர சிக்ஷா. நம் அலுவலகங்களில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்பார்கள். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கு ஒப்பந்தம் போட்டால்தான் இந்தப் பணத்தை விடுவிப்போம் என்றது ஒன்றிய அரசு. அந்த ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுவதுமாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று இருந்தது. மும்மொழியைச் சுமத்தும் கொள்கையை ஏற்க முடியாது என்றது தமிழ்நாடு. 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய ரூ.2,152 கோடி நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. என் கருத்தை ஒளிக்கவில்லை: ஒரு திட்டத்துக்குப் பிள்ளைகள் பெயரில் ஒதுக்கிய பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்தோடு முடிச்சுப் போட்டது தவறு. ஆனால் நம் பள்ளிகளில் காலிப் பணியிடங்கள் இந்தச் சண்டைக்கு வெகுகாலம் முன்பே இருந்தன. எல்லாக் குறைக்கும் டெல்லியைக் கைகாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

இதனால் ஜூன் மாதம் பள்ளிக்குப் பூட்டு விழுந்துவிடுமா என்றால், விழாது. பெரும்பாலான நிரந்தர ஆசிரியர்களின் சம்பளம் மாநில நிதியிலிருந்து வருகிறது. உங்கள் மகள் இப்போது சாப்பிடும் காலை உணவும் மாநிலத்தின் பணம்தான். (அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்; உங்கள் மனைவியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.) ஒன்றிய நிதி நின்றால் அடி விழுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்கள், பிறகு பள்ளி மானியம்.

இந்தப் பள்ளி மானியத்தைப் பற்றி எந்த விவாதத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 101 முதல் 250 வரை ரூ.50,000. நான் கடைசியாகத் தலைமையாசிரியையாக இருந்த நடுநிலைப்பள்ளியில் 87 பிள்ளைகள். ஆகவே 25,000. சாக்பீஸ், பதிவேடு, பினாயில், துடைப்பம், உடைந்த குழாய், சுதந்திர தின மிட்டாய் வரை எல்லாம் அதற்குள். ஓராண்டு ஆகஸ்டில் தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. மோட்டார் ஓடாவிட்டால் தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மானியம் பிப்ரவரி கடைசியில் வந்தது, மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்ற உத்தரவோடு. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை என்னைக் காப்பாற்றியவர், காயில் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடனை நோட்டில் எழுதிக்கொண்ட மஞ்சக்குப்பத்துக் கடைக்காரர் ஒருவர். கல்விக் கொள்கை என்று யாராவது பேசினால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கடன் நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே பணம் நின்றதன் விளைவு உண்மையானது. ஆனால் அது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். நீங்கள் பார்க்கப் போகும் பள்ளியில் என்ன நிலை என்பது அந்த வாசலுக்குள் நுழைந்தால்தான் தெரியும்.

இப்போது உங்கள் மகள். இன்று இரவு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஏதாவது ஒரு செய்தியை அவளை வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் திருத்தாதீர்கள். முடித்ததும், என்ன நடந்தது என்று அவள் சொந்த வார்த்தையில் கேளுங்கள். பிறகு 502இலிருந்து 278ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 224 வந்தால் நல்லது. 376 என்று எழுதினால் பதற வேண்டாம். அவள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள், கடன் வாங்குவது புரியவில்லை. 612ஐ 6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால் நடுவில் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்பு முடித்து என்னிடம் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் இந்த 376ஐ நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தனியார் பள்ளியிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு.

'எண்ணும் எழுத்தும்' என்று 2022இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பாசிரியையைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு முடியும் நேரத்தில் இன்னும் அரும்பு என்றால், இந்தக் கோடை விடுமுறையில் அவளுக்குத் தேவை வாசிப்பும் கழித்தலும்தான். எந்தப் பள்ளி, எந்த வாரியம் என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு. ஐந்திலும் எட்டிலும் தோல்வியடைந்தவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றியபோது, இங்கே எட்டு வரை தேர்ச்சி தொடரும் என்றது தமிழ்நாடு. எனக்கு அதில் மகிழ்ச்சியே. பத்து வயதுப் பிள்ளையை வகுப்பில் நிறுத்துவது அதன் நெஞ்சில் குத்துவது. ஆனால் தேர்ச்சி என்று முத்திரை குத்தி அனுப்பினாலும் 376 தானாக 224 ஆகிவிடாது. யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும்.

இருமொழியால் பின்தங்கினார்கள் என்று சொன்னவருக்கு ஒரு வரி. இருமொழிக் கொள்கை 1968இல் வந்தது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அதில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்த மருத்துவமனை வாசலில் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஆங்கிலத்துக்கே பட்டதாரி ஆசிரியர் இல்லாத பள்ளியில் மூன்றாவது மொழியை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இருந்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

மைத்துனருக்கு வருகிறேன். கடலூர்க்காரர்கள் பெட்ரோல் அந்தப் பக்கம் மலிவு என்று புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை வரை போய் டேங்கை நிரப்பிவருவார்கள். (வேறு எதற்காகப் போகிறார்கள் என்பதை இந்தப் பத்தியில் எழுத முடியாது.) பள்ளியையும் அப்படி நினைக்கிறார் உங்கள் மைத்துனர். அவர் சொல்வதில் பாதி உண்மை. புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை, மாஹே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தைப் பின்பற்றிவந்தன. எங்கள் பாடத்தை ஏன் இன்னொரு மாநிலம் முடிவு செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. சிபிஎஸ்இக்கு மாறி, 2025இல் அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி கணக்குப் புத்தகம் நல்ல புத்தகம், நானே அதிலிருந்து கணக்குகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது தமிழில் வருவதில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றையும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு மட்டுமா? 20 ஆண்டுகள் வேறு புத்தகத்தை நடத்திப் பழகிய ஆசிரியருக்கும் அதே கதை. மாற்றம் வேண்டுமென்றால் மேல் வகுப்புகளிலும் ஆண்டுக்கு ஒரு படியாக ஏறியிருக்கலாம். நடுப்படியில் ஏற்றிவிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட முக்கியம் முகவரி. அவர் முகவரியில் சேர்ப்பது என்றால் அவள் அங்கே குடியிருப்பதாகக் காட்டுவது. இன்று சுலபமாகத் தெரியும். பன்னிரண்டு முடித்து நிற்கும்போது குடும்ப அட்டை ஒரு மாநிலம், படிப்பு ஒரு மாநிலம், இருப்பிடச் சான்று எது என்று இரண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பீர்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு ஒதுக்கீடு 2023இல் வந்தது உண்மை. அது அந்தப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு. புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் அமைப்பில் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். மைத்துனர் வீட்டு மின்கட்டண ரசீதை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு என்ன? அவள் டாக்டர் என்று சொன்னதால் இதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பல் மருத்துவம் இரண்டுமாக 400க்கும் மேற்பட்ட இடங்கள். கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது நீண்டது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான். கவனித்தீர்களா, எல்லாவற்றுக்கும் வாசல் ஆறாம் வகுப்பு. ஆறிலும் ஏழிலும் தனியாரில் படிக்கவைத்துவிட்டு, எட்டில் பணம் போதவில்லை என்று அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் இந்த 7.5 விழுக்காட்டுக் கதவு மூடிவிட்டிருக்கும். இப்படி என் முன்னால் வந்து அழுத பெற்றோர் உண்டு. ஒன்று முதல் தமிழ்வழியில் படித்தால் மாநில அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதையும் ஓரமாக நினைவில் வையுங்கள்.

தனியார் பள்ளியைப் பற்றி உங்கள் மனைவியிடம் நான் சண்டை போடப் போவதில்லை. தையல் மிஷினில் குனிந்து முதுகு போனவள், மகளாவது நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று நினைக்கிறாள். அதில் என்ன தப்பு? ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 52,000 வீதம் ஏழு ஆண்டுக்கு ரூ.3,64,000. வேன், சீருடை, புத்தகம் அதற்கு மேல். ஐந்து பவுன் எந்த வகுப்பு வரை தாங்கும்? அந்தச் சங்கிலி பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தேவைப்படும். இப்போது கழுத்தில் இருக்கட்டும்.

ஆகவே என் யோசனை, நீங்கள் போய்வரும் தூரத்தில் உள்ள அரசு மேல்நிலைப்பள்ளி. மேல்நிலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே இடம், நடுவில் மாற்றுச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டு, மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வேலை நாளில் போங்கள். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காக நடத்தும் 'திறன்' வகுப்பு அங்கே நடக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தவறான கணக்கில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்களா, பக்கத்தில் சரியாகப் போட்டுக்காட்டியிருக்கிறார்களா? எனக்கு அந்த ஒரு பக்கம் போதும். பெண் பிள்ளைகளின் கழிப்பறையை உங்கள் மனைவி போய்ப் பார்த்துவரட்டும், குழாயைத் திறந்தும் பார்க்கட்டும்.

ஆசிரியர்கள் முகம் வாடியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. பணியில் இருப்பவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டே ஆண்டு அவகாசம். ஐம்பது வயதில் கைடு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் பாவம். நடுவில் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதியும் வேலை வேறு.

கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் மனைவியைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. கடிதத்தில் தெரிகிற வேகத்துக்கு அவர்தான் பொருத்தம். காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்துவதே இந்தக் குழு வழியாகத்தான். இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுநிலை ஆசிரியருக்கு 18,000 என்று தொகுப்பூதியம் வைத்தார்கள். அந்த ஊதியத்துக்கு யார் நிலைத்து நிற்பார்கள் என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனாலும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பாத பள்ளிக்கு அதுகூட வராது. இன்னொன்று: ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி என்று பெயராகிப் பணிநிரவலில் வேறு ஊர் போவார், பிறகு ஆசிரியர் இல்லை என்று மற்ற பிள்ளைகளும் கிளம்புவார்கள். அந்தச் சுமையை உங்கள் ஒரு பிள்ளை தலையில் நான் வைக்கவில்லை. போய்ப் பார்த்தும் அங்கே கணக்குக்கு ஆளே இல்லை, கேட்டவரையும் விரட்டுகிறார்கள் என்றால், அடுத்த அரசு மேல்நிலைப்பள்ளியைப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் வரை பஸ் இருக்கிறது.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டணமில்லை என்பதால் ஏற இடமிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி நேரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு திங்கட்கிழமை காலை அவளையும் பையோடு ஏற்றி நீங்களும் கூடப் போய்வாருங்கள். மாலையில் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, நிறுத்தத்தில் நிற்கிறதா, தள்ளிப்போய் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கழித்தல் கணக்குக்கு அவள் என்ன விடை எழுதினாள் என்பதையும்.